ஆடு கடிக்காத கன்றுகள்

நாவல் கன்று வளர்ப்பதென்றால் எல்லோரும் தண்ணீரைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். தண்ணீர் ஒரு பிரச்சினையே இல்லை. வேர் பிடித்துவிட்டால், சில நாள் வெள்ளத்தில் நின்றாலும் நாவல் பிழைத்துக்கொள்ளும். ஆடு ஒருமுறை நுனியைக் கடித்துவிட்டால்தான் சிரமம். கன்று தேறாது, தேறினாலும் கோணிக்கொண்டு வளரும்.

நீங்கள் அழகிரியைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன், சார்.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற படுகை, தென்னூர் ஜெகபர் சாதிக் பாயின் குடும்பச் சொத்து. அவர் வருஷத்தில் பாதி துபாயில் இருப்பார். நிலத்தைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருந்தார். குத்தகைக்காரர்கள் எதைப் பயிரிடுவது, எந்தப் புல்லில் யார் மாடு மேய்வது, மூங்கிலை எப்போது வெட்டுவது, எல்லாம் என் பொறுப்பு. நான் கறாரானவன், ஆனால் கொடியவன் இல்லை. காய்ந்து விழுந்த சுள்ளியை யார் பொறுக்கினாலும் தடுத்ததில்லை. அழகிரியின் மனைவி பவுனம்மாளையே கேட்டுப் பாருங்கள். "சிவசங்கர் சார் உத்தரவு கொடுத்தாத்தான் எங்க ஆடு புழுக்கையே போடும்" என்று என் காதுபடவே சொல்லுவாள். நானும் சிரித்துக்கொள்வேன்.

படுகையைக் காடாக்கிப் பார்க்க வேண்டும் என்பது பாயின் ஆசை. ஆசை அவருடையது, வரைபடம் என்னுடையது. மேற்கே மூங்கில், கரையோரம் நீர்மருது, நடுவில் நாவல். அந்த நடுவில்தான் அழகிரியின் குடிசையும் வாழையும் ஆட்டுப் பட்டியும் இருந்தன. அவருடையது பதிவான குத்தகை. அவர் இருந்து பயிர் செய்கிறவரை யாரும் அசைக்க முடியாது.

படுகையில் ஒரு வழக்கம் உண்டு. முக்கொம்பு அணையிலிருந்து கொள்ளிடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால் எல்லோரும் ஆடு மாடுகளோடு கரைமேல் ஏறிவிடுவார்கள். வடிந்ததும் அவரவர் இடத்துக்குத் திரும்புவார்கள். இன்னொருவர் இடத்தை யாரும் தொடுவதில்லை. போன வருஷம் மருதை என்கிற குத்தகைக்காரர் அப்படித்தான் ஏறினார். தண்ணீர் வடிந்த காலையில் நான் அவரை முந்திக்கொண்டு இறங்கி, அவர் இடத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டேன். இடத்தை விட்டுப் போய்விட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவர் கொஞ்ச நாள் சத்தம் போட்டார். இப்போது காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அங்கே நட்ட கன்றுகள் என் இடுப்பு உயரம் வந்துவிட்டன.

இந்த வருஷம் ஒலிபெருக்கி வண்டி காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனது. எல்லோரும் ஏறினார்கள். பவுனம்மாளும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஏறினாள். அழகிரி வரவில்லை. குடிசை வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆள் இருக்கிற இடத்தில் வேலி போட முடியாது என்று நினைத்திருக்கிறார். சரியாகத்தான் நினைத்தார்.

தண்ணீர் நாணலைத் தொட்டபோது பவுனம்மாள் போனை என்னிடம் நீட்டினாள்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க சார். உங்க வாயால சொன்னாத்தான் எந்திரிப்பேங்கறாரு."

அழகிரி எப்போதும்போலக் கேலியாகத்தான் ஆரம்பித்தார். "என்னங்க மேனேஜரே, இந்த வருஷம் எத்தன சுருள் கம்பி வாங்கி வச்சிருக்கீங்க?" பிறகு குரல் இறங்கியது. "வேலி போட மாட்டேன்னு சொல்லிடுங்க. இப்பவே வந்துடறேன். இன்னும் கால் நனையாம வரலாம்."

"அத நான் சொல்ல முடியாதுங்க. முதலாளியத்தான் கேக்கணும்."

"அப்ப கேளுங்க. நான் எங்க ஓடிப்போகப் போறேன்."

நான் கொஞ்சம் தள்ளிப் போய், என் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரையும் அழைக்கவில்லை. திரும்பி வந்து, "எடுக்க மாட்டேங்கறாரு" என்றேன்.

"இன்னொரு தடவ போடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள் பவுனம்மாள்.

மறுபடியும் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் படுகை முழுவதும் தெரியும். மூங்கில் நன்றாக வந்திருந்தது.

பவுனம்மாள் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கத்தினாள். "நெலம் போனாப் போவுது, எந்திரிச்சு வாங்க!" அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கத்தான் செய்தார். ஆனால் அவருக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. ஆறு முதலில் அதைத்தான் நிரப்பும். அந்தப் படுகையின் மேடு பள்ளங்களை வரைந்தவன் நான், எனக்குத் தெரியும். கரையிலிருந்தவர்கள் கயிறு வீசினார்கள். நானும் ஒரு கை பிடித்தேன். எட்டவில்லை.

சாதிக் பாய் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் சொன்னது உண்மைதான். மருதை விஷயம் காதுக்கு எட்டி என்னைக் கடிந்துகொண்டார். வெள்ளத்துக்கு முந்தின நாளே துபாயிலிருந்து அழைத்தார். "அழகிரி அவரு பாட்டுக்கு இருக்கட்டும். வேலி கீலி போட்டுடாதீங்க. தண்ணி வருதாம், பயப்படாம மேல ஏறச் சொல்லி இன்னிக்கே போய்ச் சொல்லிடுங்க" என்றார். சரி பாய் என்றேன். போய்ச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அவர் ஏற மாட்டார் என்று தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை. நான் இதை மறுக்கவில்லை.

ஆனால் நான் அவசரப்பட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. நாணலில் அவரைக் கண்டெடுத்து, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வேலி போட்டேன். பவுனம்மாளுக்கு உறுத்தக் கூடாதே என்று குடிசை இருந்த இடத்தையும் நிரவி, அங்கேயும் நாவல் நட்டுவிட்டேன். அவள் ஆடுகளை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள், சார். ஒரு கன்றைக்கூட ஆடு கடிக்கவில்லை.