முட்டையில் தூசு இல்லை

கிளி முட்டையை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் ஏமாந்துதான் போகிறார்கள். அத்தனை நிறம் காட்டுகிற பறவைக்கு முட்டை மட்டும் வெறும் வெள்ளை, பெரிய திராட்சைப் பழத்தின் அளவு. நேற்று வீட்டுக்கு வந்தபோது நீங்களும் முட்டை பொரிக்கிற அடைப்பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா மேடம்?" என்றீர்கள். மூடியைத் திறந்து பிடித்தபடியே கான்ஸ்டபிளிடம் ஏதோ பேசினீர்கள். உள்ளே சூடு இறங்கிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தோன்றவில்லை. பரவாயில்லை, யாருக்கும் தோன்றுவதில்லை.

மெதுவாகவே சொல்கிறேன். நீங்கள் எழுதும் வேகத்தைக் கவனித்தேன்.

என் பெயர் ஜோசஃபின். பி.யூ. கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறேன். மர்பி டவுன் வீட்டில் நானும் என் அண்ணன் ஓஸ்வால்டும் மட்டும்தான். தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு அவனுக்கு இருந்த வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடற்குழுவில் பாடுவது, மற்ற நாட்களில் கிளிகளோடு கொஞ்சுவது. எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். அப்படி இருப்பது ஒன்றும் கடினமான காரியமில்லை. சமைத்துத் துவைத்துப் போட வீட்டில் இன்னொருத்தி இருந்தால் போதும்.

போன வருஷத்துக்கு முந்தின ஈஸ்டர் அன்று, பாடற்குழுவை நடத்துகிற மதலைமுத்து எங்கள் வீட்டில் சாப்பிட்டார். கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, "ஓசி, உன் தங்கச்சி மாதிரி எனக்கொருத்தி இருந்திருந்தா நான் கல்யாணமே பண்ணிருக்க மாட்டேன்பா" என்றார்.

அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பின்ன, சும்மாவா காப்பாத்தி வெச்சிருக்கேன்? இவ காலேஜ்ல ஸ்ரீகண்டன்னு ஒரு ஃபிசிக்ஸ் வாத்தி இருந்தான். ஒருநாள் இஸ்திரி போட்ட சட்டையில வந்து, ஜோவைக் கட்டிக்கறேன்னு கேக்கறான். இவ மார்க்கெட்டுக்குப் போயிருந்தா. கேட்டுலயே நிறுத்தி, அவளுக்கு இஷ்டமில்லைன்னு அனுப்பிச்சிட்டேன்."

"அடப்பாவி. இவகிட்ட சொன்னியா?"

"இதோ, இப்ப சொல்றேன்ல."

இருவரும் சிரித்தார்கள். அண்ணனின் சிரிப்பு இருமலாக மாறியது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவன் இதைச் சொல்வதற்குள் ஸ்ரீகண்டன் மைசூருக்கு மாற்றலாகிப் போய், மகளுக்கே கல்யாணம் செய்து முடித்திருந்தார். இதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. மதலைமுத்து எப்படியும் உங்களிடம் சொல்லியிருப்பார் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த இருமல் நிற்கவில்லை. மழை தொடங்கியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஸ்கேனைப் பார்த்தார், வீட்டில் பறவை உண்டா என்று கேட்டார். பிறகு அண்ணனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். நம் ஊரில் அதுதானே வழக்கம்? நோய் ஒருவருக்கு, செய்தி இன்னொருவருக்கு.

"மேடம், நீங்க படிச்சவங்க. அவர் பயந்த சுபாவம் மாதிரி இருக்கார். இது ஆஸ்துமா இல்ல. பறவையோட இறகுத் தூசி, எச்சம், இதெல்லாம் ஒத்துக்காம நுரையீரல் இறுகிட்டு வருது. பறவைங்கள உடனே அனுப்பிட்டா இதோட நிறுத்திடலாம். வெச்சிருந்தா காப்பாத்த முடியாது. நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க."

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டான். "என்னவாம் ஜோ?"

"ஆஸ்துமாதான். இன்ஹேலர் எழுதியிருக்கார்."

பறவைகளை அனுப்பினேன். அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரமே லவ் பேர்ட்ஸ் முழுவதையும் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். சத்தத்தில் பேப்பர் திருத்த முடியவில்லை என்று அவனிடம் சொன்னேன். காலிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். பேரன் எடுக்கிற வயதில் ஓர் ஆண் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

அதன்பிறகுதான் முட்டை வாங்கினேன். முட்டையில் இறகு இல்லை, எச்சம் இல்லை, தூசு இல்லை. டாக்டர் முட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

தொம்மலூரில் சின்னப்பா என்பவர் கிளிகளை ஜோடி சேர்த்து விற்கிறார். கரு பிடித்த முட்டை வேண்டும் என்றதும், "முட்டை பேடா, வேணாம் டீச்சரம்மா, சும்னே தலைவலி. ரெடி ஜோடியே இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார். கூண்டில் வளர்ந்த ஜோடி கூண்டோடு நின்றுவிடும். பெட்டியில் பொரிந்து கையால் ஊட்டி வளர்ந்த குஞ்சு அப்படியல்ல. கண் திறந்து பார்க்கும் முகம்தான் அதற்குத் தாய். தோளில் உட்காரும், கழுத்தோரம் தூங்கும், மூக்கோடு மூக்கு உரசும். காக்கடீல் இனமாகப் பார்த்துக் கேட்டேன். அதன் இறகிலிருந்து முகப்பவுடர் போல வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். கிளி விற்றே வீடு கட்டிய மனிதர், இதையெல்லாம் ஒரு நிமிடம் சேர்த்து யோசிக்கவில்லை. அண்ணனுக்குப் பிறந்தநாள் என்றேன். டார்ச் அடித்துப் பார்த்து நல்ல முட்டைகளாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

மரத்தூள் நிரப்பிய டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். ஒவ்வொரு குழியிலும் டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னேன். நான் அக்கறை இல்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது. மின்சாரம் அடிக்கடி போகிற காலம். இன்வெர்ட்டர் இணைப்பு அண்ணனின் அறையில் மட்டும்தான் இருந்தது. அதனால் அடைப்பெட்டியை அவன் தலைமாட்டில் வைத்தேன்.

அவன் குழந்தைபோல ஆகிவிட்டான். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, வேளை தவறாமல் புரட்டி வைத்தான். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சின் மேல் முட்டையை வைத்துக் கூப்பிடுவான். "ஜோ, ஓடி வா. சிலந்தி மாதிரி ரத்தக்குழா பாரு. நடுவுல துடிக்குதுடி." கோழிக் கருவை வருஷாவருஷம் மாணவர்களுக்கு அறுத்துக் காட்டுகிறவள் நான். இருந்தாலும் போய்ப் பார்த்தேன். "லவ் பேர்ட்ஸை அனுப்பினப்ப உன்மேல கோவப்பட்டேன். மன்னிச்சிக்க. உன் மனசு யாருக்கு வரும்?" என்றான்.

குஞ்சுகள் பொரிந்தன. கரண்டியை வளைத்து ஊட்டினான். இறகு முளைத்ததும் அவன் சட்டைக் காலரெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஒரு பாட்டு வரியை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் பாடற்குழுவை விட்டான். மதலைமுத்து வந்து பார்த்து, "இப்பிடிக் கவனிச்சுக்கத் தங்கச்சி இருக்கே, கொடுத்து வெச்சவன்பா நீ" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். முதல் ஈட்டுக் குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் நான் மறுபடி தொம்மலூருக்குப் போனேன். அதன்பிறகும் போனேன். டாக்டரிடம் மறுபரிசோதனைக்கு அவனைத் தனியாக விடவில்லை. பறவைகளை அனுப்பிவிட்டீர்களா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டபோது, அனுப்பிவிட்டேன் என்றேன். லவ் பேர்ட்ஸைத்தான் சொன்னேன்.

ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. இந்த மழைக்காலத்தில் அவன் இறந்தான். அடக்கம் முடிந்து ஏதோ சான்றிதழுக்காக மதலைமுத்து டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறார். கிளிகளின் கதையைத் துக்கத்தோடு சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் இத்தனை வருஷம் சாப்பிட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கத் தெரியாத மனிதர், கடைசியில் வாய் தவறித்தான் எதையோ கண்டுபிடித்தார். உடனே உங்களிடம் ஓடி வந்துவிட்டார்.

கொல்ல வேண்டும் என்று நினைத்தீர்களா என்கிறீர்கள். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

சிலிண்டர் வருவதற்கு முன்னால், ஒரு மத்தியானம். அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தான். குஞ்சு ஒன்று அவன் மீசையைக் கோதிக்கொண்டிருந்தது. "ஜோ, இதுங்கதான் எனக்கு ஒத்துக்கலையோ? டாக்டர் உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டான். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அதற்குக்கூட அவனுக்குத் திராணி இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதுகொண்டே கூண்டை எடுத்து என்னிடம் கொடுத்திருப்பான். இன்னும் சில வருஷம் இருந்திருப்பான் என்பதும் எனக்குத் தெரியும்.

"சேச்சே. இதுங்க வந்த பிறகுதான நீ சிரிக்கற" என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. குஞ்சை இரண்டு கையாலும் எடுத்துக் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டான். அந்த நேரத்தில் அதைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்கிறீர்களா? அடுத்தவர் சந்தோஷத்துக்குக் குறுக்கே நிற்பது அவனுடைய குணம், சார். என்னுடையது அல்ல.