இடது காலில் ஒட்டிய பெட்டி

— இன்னொரு வாட்டி பாத்துடுங்களேன் டாக்டரம்மா. கம்ப்யூட்டர் தப்பாக் காட்டுதோ என்னமோ.

— மூணு வாட்டி பாத்துட்டேன்க்கா. அப்புறம், நான் டாக்டர் இல்ல. பயிற்சி குடுக்கிறவ.

— எங்களுக்கு நீங்கதான் டாக்டர். பெரிய டாக்டர் தலையை நிமிர்த்தி எங்களைப் பாக்கிறதே இல்ல.

— பாப்பா, நானும் இங்கதான் உக்காந்திருக்கேன். என் காலைப் பத்தி எங்கிட்டயும் ரெண்டு வார்த்தை சொல்லலாம்.

— சொல்றேன் ஐயா. அக்கா, அவரு சக்கர நாற்காலியைக் கொஞ்சம் கிட்டத் தள்ளுங்க, திரை தெரியட்டும். இந்த மேல்கோடு முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் இருக்கிற தசை. பாதத்தை மேல தூக்குறது அதுதான். கீழ்க்கோடு கெண்டைக்கால். வீட்டுக்குக் குடுத்தனுப்பின பெடலை மிதிக்கிறப்ப ரெண்டும் மாத்தி மாத்தி வேலை செய்யணும். போன வாரத்தைப் பாருங்க, எவ்வளவு அழகா ஏறி இறங்குது. பக்கவாதம் வந்து நாலு மாசத்துல இப்படியான்னு அசந்துட்டேன்.

— கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கு.

— நீங்க சும்மா இருங்க. அவங்க சொல்லட்டும்.

— இது இந்த வாரம். ஞாயித்துக்கிழமை ராத்திரியிலேருந்து மேல்கோடு படுத்துடுச்சு. கெண்டைக்கால் மட்டும் விடாம இழுத்துக்கிட்டே இருக்கு. நேத்து இன்னும் மோசம்.

— அப்ப பேரை எடுத்துடுவீங்களா?

— எந்தப் பேரை?

— இவரு பேரைத்தான். முன்னேத்தம் இல்லாதவங்க இடத்தை வரிசையில இருக்கிறவங்களுக்குக் குடுத்துடுவோம்னு சொன்னீங்களே. நாப்பது பேரு காத்திருக்காங்கன்னு. இங்க விட்டா எங்களுக்கு வேற போக்கிடம் இல்ல டாக்டரம்மா.

— அது நான் போட்ட விதி இல்லக்கா. இப்ப அந்தப் பேச்சும் இல்ல. ஐயா, ஞாயித்துக்கிழமை தலை சுத்துச்சா? வாய் குழறுச்சா?

— குழறுறதெல்லாம் நாலு மாசமாக் குழறுது. புதுசா ஒண்ணும் இல்ல.

— இங்க வந்தா மட்டும் காலை அசைக்க மாட்டேங்கிறீங்க. வீட்டுல மட்டும் ஜோரா மிதிக்கிறீங்க. அதனால எனக்கு உங்க கால்ல ஒட்டக் குடுத்த இந்தப் பெட்டி சொல்றதுதான் ஆதாரம். நல்லா வந்துக்கிட்டிருந்த கால் திடீர்னு இப்படி விழுந்தா, மூளையில இன்னொரு அடைப்புன்னுதான் பயப்படணும். இன்னிக்கே ஸ்கேன் எடுக்கணும்.

— வேணாம்.

— வேணாம்னு சொல்ற விஷயம் இல்ல ஐயா இது.

— என் கால் எனக்குத் தெரியாதா? போன மாசம் எப்படிக் கிடந்துச்சோ அப்படியேதான் கிடக்கு. நல்லாவும் ஆகல, கெட்டும் போகல.

— உங்க கால் இப்ப உங்ககிட்டப் பேசாது. பெட்டிகிட்டதான் பேசும்.

— நல்லாப் பேசுச்சு போ.

— டாக்டரம்மா, மருந்து மாத்தினா சரியாகாதா? ஸ்கேன்லாம் எதுக்கு? இப்பதான் அந்தக் குழாய்க்குள்ள போய்ப் பயந்துட்டு வந்தாரு.

— அக்கா, நீங்களுமா? நேரம் போகப் போக ஆபத்து. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடறேன். போனை எடுத்துட்டேன்.

— வச்சிடுங்க.

— என்ன?

— போனை வச்சிடுங்க. அந்தக் கோடு அவருது இல்ல.

— இவளே, பேசாம இரு.

— எவ்வளவு நேரங்க பேசாம இருக்கிறது? ஆம்புலன்ஸுங்கிறாங்க. டாக்டரம்மா, இவரு ஒரு நாள் கூட மிதிக்கல. நீங்க பெட்டி குடுத்த அன்னிக்கே, எடுத்துட்டுப் போன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. பெட்டி வெறுமனே திரும்பி வந்தா பேரை அடிச்சிடுவீங்கன்னு நான்தான் ஒட்டிக்கிட்டு மிதிச்சேன். காலையில இருபது நிமிஷம், ராத்திரி இருபது நிமிஷம்.

— ரெண்டு வாரமாவா?

— ரெண்டு வாரமா. இவரு எந்திரிக்கிறதுக்கு முன்னாடியும், தூங்கினப்புறமும்.

— தூங்கல.

— தூங்கலையா?

— எங்க தூங்குறது? கடமுடான்னு அந்தப் பெடல் சத்தம். சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டு எண்ணிக்கிட்டிருப்பேன்.

— அப்ப ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ஐயா, நானே மிதிக்கிறேன்னு?

— இருபத்தாறு வருஷம் தபால் பையை மாட்டிக்கிட்டு சைக்கிள் மிதிச்சவன் பாப்பா நான். நாலு மிதி மிதிச்சா ஒரு வாசல் வரும், ஒரு ஆள் வருவாங்க, என்னப்பா நமக்கு ஏதும் உண்டான்னு கேப்பாங்க. உன் பெடலை மிதிச்சா எதிர்ல அதே பீரோதான். எனக்கு அலுத்துப் போச்சு.

— எனக்கு மட்டும் பீரோவுக்குப் பதிலா கடலா தெரிஞ்சுது? துணி கம்பெனியில பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே பிசிறு வெட்டிட்டு வரேன். வந்து உலை வச்சு, உங்களைக் குளிக்க வச்சு, அப்புறம் உக்காந்து மிதிச்சேன். சண்டை போடக்கூடத் தெம்பு இல்லாமதான் மிதிச்சேன்.

— போன வாரம் இந்தக் கோட்டைப் பெரிய டாக்டர்கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன்க்கா. நம்ம பயிற்சி வேலை செய்யுது பாருங்கன்னு. இந்த வேலையை விட்டுடலாமான்னு இருந்தவ நான். அதைப் பாத்துதான் இருந்தேன்.

— தப்புதான். என்னை என்ன வேணா திட்டுங்க. பேரை மட்டும் எடுத்துடாதீங்க.

— திட்டக்கூட முடியலக்கா. சரி, ஆம்புலன்ஸ் வேணாம். இதையெல்லாம் அழிச்சிட்டு முதல்லேருந்து... இருங்க. எந்தக் கால்ல ஒட்டினீங்க?

— இடது கால்லதான். பெட்டியில இடதுன்னு எழுதி ஒட்டியிருந்துச்சே. பொய்யா இருந்தாலும் சரியாச் செய்யணும்ல.

— ஞாயித்துக்கிழமை ராத்திரி யாரு மிதிச்சது?

— நான்தான்.

— திங்கள், செவ்வாய்? ஒட்டுற இடம் மாறிடுச்சா? பட்டை கழண்டுச்சா?

— நான்தான்னு சொல்றேனே. நீங்க பேனாவால வட்டம் போட்டுக் காட்டின அதே இடம்தான். கொஞ்சம் மெதுவா மிதிச்சேன். நின்னு நின்னு கால் மரத்துப் போச்சு, அவ்வளவுதான். எங்க கம்பெனியில எல்லாருக்கும் அப்படித்தான்.

— அக்கா, ஐயாவோட நாற்காலியிலேருந்து கையை எடுத்துட்டு இப்படி வாங்க. இல்ல, நடக்க வேணாம். அந்த மேஜையைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே நில்லுங்க. குதிகாலை ஊனிக்கிட்டு, இடது பாதத்தை மட்டும் மேல தூக்குங்க.

— எதுக்கு? பேரு விஷயத்தைச் சொல்லுங்க முதல்ல.

— பேரு இருக்கும். நான் பாத்துக்கிறேன். தூக்குங்க.

— தூக்கிட்டேன்.

— இவளே.

— என்னங்க? அதான் தூக்கிட்டேனே.

— இல்ல. பாதம் தரையிலேயேதான் இருக்கு.

— சும்மா விளையாடாதீங்க.

— பாப்பா, அந்த ஆம்புலன்ஸை இவளுக்குக் கூப்பிடு. இவளை இந்த நாற்காலியில உக்கார வை. நான் எந்திரிக்கிறேன், எனக்குப் பிடிச்சுக்க ஏதாவது குடு.