வளைவில் நிற்க வைப்பவன்

உங்கள் ஜீப்பின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன, சார். என்னை ஸ்டேஷனுக்கு ஏற்றி வரும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி மூன்று தடவை ஆடித்தான் நின்றது. மாற்றச் சொல்லுங்கள், பெரிய வேலை இல்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பட்டறை எனக்கும் தம்பிக்கும் பொது. பந்தயக் கார்களைத் தயார் செய்வோம். என்ஜினின் சக்தியைக் கூட்டுவது அவன் வேலை. கூடிய சக்தியை வண்டி தாங்கும்படி கிளட்ச், பிரேக், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றுவது என் வேலை. பந்தயத்தில் ஓட்டுவதும் அவன்தான். வண்டி பறந்தால் தம்பி கெட்டிக்காரன். வளைவில் சறுக்காமல் நின்றால் ரோடு நல்ல ரோடு. பதினெட்டு வருடம் இப்படியே போனது. கோப்பையோடு அவனைப் படம் எடுப்பார்கள். அவன் ஹெல்மெட்டை என்னிடம் பிடிக்கக் கொடுப்பார்கள். எனக்கு வயிறு எரியும், சார். அதை மறைக்க என்ன இருக்கிறது.

இந்தத் தடவை மலைச்சாலைப் பந்தயம். என்ஜின் சக்தியை அவன் ஒரேயடியாக ஏற்றிவிட்டான். "உன் பக்கத்த நீ பாத்துக்கோண்ணா, அதெல்லாம் சில்லறை வேலைதானே" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். அவனுக்குக் கெட்ட மனசு கிடையாது.

அந்தச் சில்லறை வேலையை நான் செய்யவில்லை. பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிக் கழுவி, சிவப்புப் பெயின்ட் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் மறுபடி மாட்டினேன். பிரேக் பக்கமே போகவில்லை. கிளட்சை மட்டும் புதிதாக, கிடைத்ததிலேயே நல்லதாகப் போட்டேன். பழைய கிளட்சையே விட்டால் அவ்வளவு சக்தியைத் தாங்காமல் வழுக்கும். என்ஜின் கத்துமே தவிர வண்டி வேகம் பிடிக்காது. அவன் பாதியிலேயே திரும்பி வந்துவிடுவான்.

பந்தயத்தன்று காலை ஒத்திகை ஓட்டம் போய்விட்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"பின்னாடி என்னமோ ஆடுதுண்ணா. கொஞ்சம் பாரேன்."

வண்டிக்கு அடியில் போய் ஐந்து நிமிடம் சும்மா மல்லாந்து படுத்திருந்தேன். அவனுடைய ஷூ இரண்டும் பக்கத்திலேயே நின்றன. வெளியே வந்து, "புதுசுல்ல, பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். தைரியமா மிதி" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்று சிரித்தான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நான்காவது வளைவில் வண்டி கீழே போனது. அதை உங்கள் ஆட்களே படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டியாச்சே மாமா" என்றாள். என் வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவர் வாய்திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன். நடிப்பு இல்லை, சார். அவனை சீட்டில் உட்காரவைத்து, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி சைக்கிள் பழக்கியவன் நான்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் ஒரு திருத்தம். மூன்றாவது வரியில் "கவனக்குறைவால்" என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். பதினெட்டு வருடத்தில் என் வேலையில் ஒருவரும் அப்படி ஒரு குறை சொன்னதில்லை.