கிள்ளிப் பாருங்கம்மா

கடைசியா அவளை உயிரோட பாத்தப்போ முதுகு மட்டுந்தாம்மா தெரிஞ்சுது. இதோ, இப்ப நீங்க நிக்கறீங்களே, இதே மாதிரிதான். காரோட பின்கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, பாதி உடம்பு உள்ள, பாதி வெளிய. ஒரு செருப்பு கழண்டு தரையில கிடக்குது. நான் பால்கனியில நின்னுக்கிட்டு, நேரமாகுது கிளம்புங்கன்னு கத்தறேன். திரும்பவே இல்ல, கையை மட்டும் ஆட்டினா. இருங்கன்னு சொன்னாளா, போய்ட்டு வரேன்னு சொன்னாளா, இன்னைக்கு வரைக்கும் தெரியல.

நீங்கதானே கேட்டீங்க, பிள்ளையைக் கார் சீட்ல கட்டறதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு. அவதான். என் வீட்டுக்காரி.

இல்லம்மா, எனக்கு அவசரமெல்லாம் இல்ல. குப்பை போடத்தான் கீழ வந்தேன். கொஞ்சம் நகருங்க. முதல்ல பிள்ளையோட அந்தத் தடி ஜாக்கெட்டைக் கழட்டிடுங்க. குளிரும்னா, கட்டி முடிச்சப்புறம் மேல போத்தி விடுங்க. ஜாக்கெட்டோட சேத்து வாரை இறுக்கினா, நீங்க இறுக்கினது பஞ்சைத்தான், பிள்ளையை இல்ல. டேய் ராஜா, என்னை ஏண்டா முறைக்கற, கழட்டறது உங்கம்மா.

பிள்ளை சீட்டை இன்னைக்குத்தான் முன்பக்கமா திருப்பினீங்களா? அதான் பாத்தேன். தோள் வார் இன்னும் சீட்டு முதுகுல பழைய ஓட்டையிலயே இருக்கு. பின்பக்கம் பாத்து உக்காந்தப்ப வார் தோளுக்குச் சமமாவோ, கொஞ்சம் கீழயோ இருந்து வரலாம். முன்னாடி திருப்பிட்டா அப்படிக் கூடாது. தோளுக்குச் சமமா, இல்லன்னா மேல இருந்து வரணும். எல்லாரும் சீட்டைத் திருப்புவாங்க, வாரை மறந்துடுவாங்க. நானும் அவகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான். நான் லிஃப்ட் மெக்கானிக்கும்மா. ஊரையே தூக்கி இறக்கறீங்க, ஒரு பொட்டப்பிள்ளையை நாற்காலியில கட்டத் தெரியலையான்னு கேட்டா. அதுக்கு என் பேத்தி கைதட்டிச் சிரிக்குது.

பிள்ளையைத் தூக்கிக்கங்க, நான் பின்னாடி இருந்து உருவி மேல் ஓட்டையில விடறேன். முறுக்கு விழாம பாத்துக்கணும். ம்… ஆச்சு. உக்கார வைங்க. முதுகு சீட்ல ஒட்டணும். இப்ப பூட்டிட்டு, முன்னாடி கால் பக்கம் தொங்குதே அந்த வார், அதைப் பிடிச்சு இழுங்க. இன்னும். பாவம்லாம் பாக்காதீங்க, மூச்சு முட்டாது. இப்போ தோள்கிட்ட வாரைக் கிள்ளிப் பாருங்க. விரலுக்குள்ள மடிப்பு வருதா? அப்ப இன்னும் லூசு. அவ கிள்ளிப் பாக்காம கதவைச் சாத்தவே மாட்டா. அன்னைக்கும் கிள்ளினா. மேல இருந்து அவ முழங்கை அசையறதைப் பாத்தேனே.

ஓட்டினது அவ தம்பி. என் மச்சான். பேத்தியை எங்க மக வீட்ல விடப் போனாங்க. ஓரமா நின்னுட்டிருந்த லாரியில கொண்டுபோய் விட்டுட்டான். அவ முன்சீட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே முடிஞ்சு போச்சு. அவனுக்குக் கை முறிஞ்சுது. பேத்திக்கு ஒரு கீறல் இல்லம்மா, ஒரு கீறல் இல்ல.

போலீஸ்ல என்ன சொன்னான்னா, அக்கா வாரைச் சரியா இறுக்கல, குழந்தை கையை உருவிக்கிச்சு, அக்கா பதறிப்போய் பின்னாடி எட்டி அந்த வாரை இழுக்கப் போனா, என் கையில இடிச்சுட்டா, வண்டி திரும்பிடுச்சுன்னான். துக்கம் கேக்க வந்தவங்க எல்லாம் உச்சுக் கொட்டினாங்க. அத்தனை பேர் முன்னாடி என் மக அழுதுக்கிட்டே கேக்கறா, அம்மா ஏம்ப்பா ஒழுங்கா கட்டல?

நான் பாத்தேன், அவ கட்டினான்னு சொன்னேன். யாரு கேக்கறா? பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசறான்னு விட்டுட்டாங்க.

அந்தக் கார் ஸ்டேஷனுக்குப் பின்னாடி கிடந்துச்சு. போய்ப் பாத்தேன். தோள் வாரை வெட்டித்தான் பிள்ளையை எடுத்திருக்காங்க. ஆனா இப்ப நீங்க இழுத்தீங்களே, கால் பக்கத்து வார், அதுல யாரும் கை வைக்கல. இறுக்க இறுக்கத்தான் அது வெளிய நீளும். அது நல்லா நீளமா வெளிய வந்து, அவ எப்பவும் செய்யற மாதிரியே சுருட்டி ஓரமாச் சொருகியிருந்துச்சு. பின்னாடி எட்டி அதை இழுத்திருந்தா அந்தச் சுருள் கலையாமலா இருக்கும்?

அங்கேர்ந்து மக வீட்டுக்கு ஓடினேன். சந்தோஷமான்னு நீங்க கேட்டா, ஆமாம்மா, சந்தோஷமாத்தான். செத்தவ மேல இருந்த பழி போச்சுல்ல. மக துணி மடிச்சுக்கிட்டிருந்தா. நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கற வரைக்கும் கை நிக்கல. அப்புறம் சொன்னா, தெரியும்ப்பா, மாமா கண்ணசந்துட்டாராம், ஆஸ்பத்திரியிலயே என்கிட்ட சொல்லிட்டார்னு.

மச்சான் பயந்தாங்கொள்ளி, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டான். அதைக்கூட விடலாம். இவ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே இல்ல கூட்டத்துல என்னைக் கேட்டிருக்கா?

ஏன்னா, அவனும் என் மாப்பிள்ளையும் சேந்து அச்சகம் நடத்தறாங்க. மாமா உள்ள போய்ட்டா அச்சகத்தை யாரு பாக்கறதுன்னா. அம்மாதான் இல்லையேப்பா, அவங்க மேலயே இருந்துட்டுப் போகட்டும், அவங்களுக்கு என்ன ஆகப்போகுதுன்னா. மடிச்ச துணியை அலமாரியில வச்சுக்கிட்டே சொன்னா.

நான் திரும்ப ஸ்டேஷனுக்குப் போயி, பாத்ததைப் பாத்தபடி சொல்லிட்டேன். கேஸ் நடக்குது.

அந்த நெஞ்சு கிளிப்பை அக்குள் உயரத்துக்கு ஏத்துங்க, வயித்துக்கிட்ட இருக்கு. ம், அவ்வளவுதான். இப்ப கிள்ளிப் பாருங்க. வழுக்கிட்டுப் போகுதுல்ல? போதும். ஒரு விஷயம், பிள்ளை வளர வளர ஓட்டையை மாத்தணும், மறந்துடாதீங்க.

பேத்திக்கா? அன்னைக்கு நடு ஓட்டையில இருந்துச்சு. இப்ப எதுல வருமோ. கேஸ் ஆனதும் மகளும் மாப்பிள்ளையும் வீடு மாத்திட்டுப் போயிட்டாங்கம்மா. எந்தப் பக்கம்னு என்கிட்ட சொல்லல. பேத்தி இப்ப எவ்வளவு உயரம்னு எனக்குத் தெரியாது.