மருதப்பனின் வியர்வை

"என்ன மிஸ்ஸி, லீலாவை அப்படிப் பாக்குறீங்க? தூக்கிட்டு ஓடிடாதீங்கலா."

"ஓடினா புடிச்சிருவீங்களாண்ணே?"

"என் உசுரு இருக்கற வரைக்கும் விடமாட்டேன்."

மருதப்பன் அண்ணன் எப்போதும் இப்படித்தான், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். நர்ஸ் என்பதால் என்னை எல்லாரும் மிஸ்ஸி என்பார்கள். சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஒரே மாடியில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். அவருக்கு நான்கும் பெண்கள். கடைசிப் பெண் லீலாவுக்கு இரண்டு வயது. என் மடியில்தான் தூங்குவாள். எனக்குக் கல்யாணமாகவில்லை. அவளைத் தத்துக் கேட்க வேண்டும் என்று ஒன்றரை வருடமாக மனதில் வைத்திருந்தேன். வாய் வரவில்லை.

நான் யாருக்கும் ஊசியைக்கூட வலிக்கப் போட்டதில்லை, ஐயா. ஆஸ்பத்திரியில் விசாரித்துப் பாருங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அண்ணனுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மயக்க மருந்து கொடுப்பவர் வெள்ளைக்கார டாக்டர். நோயாளிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால், பேச்சை மாற்றிச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். திடீரென்று தலைவலி, படபடப்பு, வியர்வை வருவதுண்டா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"ஆமா மிஸ்ஸி. தேக்கா சந்தையில மூட்டையை வயித்தோட அணைச்சுத் தூக்குனா போதும், நெஞ்சு அடிச்சுக்கும், சட்டை நனைஞ்சிரும். எப்படிலா கண்டுபிடிச்சாரு?"

"இல்லை என்கிறார்," என்று டாக்டரிடம் சொன்னேன்.

அந்தக் கேள்வி எதற்கென்று எனக்குத் தெரியும். சில கட்டிகள், தொட்டாலே இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். முன்பே தெரிந்தால் அறுவையைத் தள்ளிவைத்து, அதற்கான மருந்து கொடுத்து உடம்பைத் தயார் செய்வார்கள்.

மறுநாள் காலை அறுவை அறையில் நானும் இருந்தேன். கட்டியில் கை பட்டதும் அழுத்தம் இருநூற்று அறுபது. கையை எடுத்தார்கள், இறங்கியது. தொட்டார்கள், ஏறியது. டாக்டர் என் பக்கம் திரும்பி, "இவருக்கு வியர்த்ததே இல்லையா? யோசித்துச் சொல்," என்றார். அப்படியே நிறுத்தித் தைத்துவிட இன்னும் நேரம் இருந்தது. இல்லை என்றேன். கட்டியை எடுத்ததும் அறுபது, நாற்பது. பிறகு என் விரலுக்கு நாடி கிடைக்கவில்லை. அண்ணனின் கண்களை நான்தான் மூடினேன், பக்குவமாக.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அவர் மனைவி சிவகாமசுந்தரி அக்கா என் தோளில் சாய்ந்தார். "நாலையும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன், உர்சுலா மிஸ்ஸி?"

லீலா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன். அவர் மனம் நோக நான் எதையும் செய்ததில்லை.

"அக்கா, லீலாவை எனக்குக் குடுத்துடுங்க."