சம்பந்திக்குச் சொன்ன நேரம்

டமார் என்று சத்தம் கேட்டபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக ஏழு. "சொன்னா சொன்ன நேரம்" என்று வாய் நிறைய நுரையோடு பாராட்டினேன். பக்கத்து நாட்டுப் பீரங்கி, எல்லையோரம் இருந்த எங்கள் பழைய தண்ணீர்த் தொட்டியை உடைத்திருந்தது.

விசாரணை அதிகாரியான உங்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்கலாம். நான் எல்லைத் தொடர்பு அதிகாரி. எதிர்ப்பக்கத்திலும் என்னைப் போல் ஒருவர். அடிப்பதற்கு முந்தின நாளே இடத்தையும் நேரத்தையும் போனில் சொல்லிவிடுவோம். ஆட்களை நகர்த்திவிடுவார்கள். வெறும் கட்டடம் இடியும். இரண்டு நாட்டிலும் மீசையை முறுக்கிக்கொள்வார்கள். ஓர் உயிர் போகாது. பெண் கொடுக்காமல், பெண் எடுக்காமல் நாங்கள் இருவரும் சம்பந்திகள் ஆனது இப்படித்தான்.

அடுத்தது எங்கள் முறை. அவர்களுடைய கூடாரக் கிடங்கைக் குறித்து, சம்பந்திக்குப் போனில் சொன்னேன்.

"காவலுக்கும் சமையலுக்கும் பதினேழு பேர் இருக்காங்க சம்பந்தி. நேரத்தை மட்டும் அப்புறமா சரியா சொல்லிடுங்க" என்றார்.

அன்று சாப்பாட்டு மேசையில் மச்சினன் ஆரம்பித்தான். "மாமா, போன தடவை நீங்க குடுத்த பதிலடியில ஒரு கக்கூஸ் கதவு விழுந்துச்சு. இந்தத் தடவை ஜன்னலா?"

என் மனைவிக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. "சும்மா இருடா, அவரே பாவம்" என்றாள்.

கிண்டல்கூடப் பரவாயில்லை. அந்தப் 'பாவம்'தான் செரிக்கவில்லை.

பீரங்கிப் படைக்கு ஏழு மணி என்று எழுதிக் கொடுத்தேன். சம்பந்திக்கு எட்டு என்று சொன்னேன். ஒரே ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். கோபமெல்லாம் இல்லை. விசில் அடித்துக்கொண்டுதான் போனை வைத்தேன்.

மறுநாள் ஏழு மணிக்குக் கிடங்கில் குண்டு விழுந்தது; ஊரே குதித்தது. மச்சினன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினான். செருப்பு ஒன்று எங்கோ பறந்தது. மனைவி மாடியிலிருந்து கையசைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி அசைத்ததில்லை.

பதினேழு பேரும் அப்போதுதான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்களாம். சம்பந்திதான் போனில் சொன்னார். குரல் சரியில்லை. "வேணும்னே செஞ்சீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆமாம் என்றேன்.

இத்தனை வருட உறவு கெட்டுவிடக் கூடாதே என்று நானே பேச்சை எடுத்தேன்.

"மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி. அடுத்தது உங்க முறை. எங்க, எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லிடுங்க, நான் எங்க ஆளுங்களை நகர்த்திடறேன்."