சிவப்பு ரோசாப் பக்கம்

லொங்குய்ய் ஸ்டேசனுக்குப் போகும் மெட்ரோ ரயிலில் என் எதிரே யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருவர் இருந்தார்கள். மூத்தவரின் மடியில், கண்ணாடி போல இறுகும் ரெசின் பிசினில் அவர் வார்த்த ஒரு பலகை. கல்யாண மாலைகள் இரண்டின் பூக்களை உலர்த்தி உள்ளே பதித்திருந்தார்; ஒரு பக்கம் சிவப்பு ரோசா, மறுபக்கம் வெள்ளை.

“இதை இரண்டா வெட்டித் தரட்டாம்,” என்றார்.

“ஏன் அக்கா, பிழையா வந்திட்டுதோ?”

“என்ர வேலையில பிழை வராது. மாலை மாத்தின புருசனும் பெண்சாதியும் பிரியப் போகினமாம். ஆளுக்குப் பாதி.”

“வெட்டினா உடையாதோ?”

“நான் வெட்டினா உடையாது. ஆனா இரண்டு பேரும் சிவப்பைத்தான் கேக்கினம். தன்ர கழுத்தில கிடந்த மாலை எண்டு அவ சொல்லுறா. தான் போட்டுவிட்ட மாலை எண்டு அவர் சொல்லுறார்.”

“மாலை மாத்தினவைதானே. இரண்டும் சரிதான்.”

“ஓம். அதான் சொல்லிப்போட்டன், சேர்ந்து வந்து ஒரு முடிவு சொல்லுங்கோ, சொல்லுற இடத்தில வெட்டக் கோடு போடுறன் எண்டு.”

“வருவினமோ?”

மூத்தவரின் கைபேசி அதிர்ந்தது. வாசித்துவிட்டு, பலகையை நிதானமாகத் துணியில் சுற்றினார்.

“இரண்டு பேரும் ஸ்டேசன் வாசல்ல நிக்கினமாம். ஒரே காரில வந்திருக்கினம்.”